சம்பளம் வேறு, மேனேஜர் வேறு, கம்பெனி வேறு

கேள்வி: மாரத்தஹள்ளியில் ஒரு சாஃப்ட்வேர் பிராடக்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மொத்த அனுபவம் 7 வருடம். இங்கே சேர்ந்தது 2021 நவம்பர். இப்போது 4 வருடம் 4 மாதம் ஆகிறது. 14 லட்சம் சிடிசியில் (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) சேர்ந்தேன். வருடத்துக்கு ஒன்றாக 12, 7, 3, 4 சதவீதம் என ஹைக் வந்து 18 லட்சத்தில் நிற்கிறேன். கைக்கு வருவது மாதம் 1,08,000. போன மாதம் என் டீமில் சேர்ந்தவருக்கும் அதே 7 வருட அனுபவம்தான். அவருக்கு 26 லட்சமாம். அதைக் கேட்டதிலிருந்து லேப்டாப்பைத் திறக்கவே மனசு வரவில்லை. இரண்டு வருடத்தில் மூன்று முறை டீமைக் கலைத்துப் போட்டார்கள், இப்போது இருப்பவர் என் மூன்றாவது மேனேஜர். பெல் கர்வ், இத்தனை பேருக்குத்தான் நல்ல ரேட்டிங் என்று சொல்லி என் ரேட்டிங்கை 4இலிருந்து 3 ஆக்கினார்கள். இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் கால். ஆட்குறைப்பு முடிந்த மறுவாரம் சிஇஓ மேடையேறி "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். பெயர் தெரியாது என்று நம்பி சர்வேயில் மனதில் இருந்ததை எழுதினேன். அதே வரியை மேனேஜர் மீட்டிங்கில் படித்தார். அவரும் திண்டுக்கல் பக்கம், நானும் அந்தப் பக்கம். அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் சம்பளம் கேட்க வாய் வரவில்லை. 42,000 ரூபாய் வீட்டுக் கடன் தவணை இருக்கிறது. மனைவி "இன்னைக்கே பேப்பர் போடுங்க" என்கிறாள். ஆயிரத்துச் சொச்சம் இசாப் ஆப்ஷனும் (கம்பெனிப் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை) வைத்திருக்கிறேன். இருக்கவா, போகவா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் சுருக்கமான பதில். இந்த மாதமே வெளியே தேட ஆரம்பியுங்கள். ஆனால் கையில் இன்னொரு ஆஃபர் இல்லாமல் ராஜினாமா பேப்பர் போடாதீர்கள். தேடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், இங்கே சம்பளத் திருத்தத்தை ஒரு முறை முறையாகக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் ஒரே கோபமாகப் பின்னிக் கிடக்கின்றன. சம்பளம் குறைவு, அதைத் தீர்க்கும் அதிகாரம் நிதித் துறையிடமும் எச்ஆரின் சம்பளப் பிரிவிடமும் இருக்கிறது. மேனேஜர் மாறிக்கொண்டே இருக்கிறார், ரேட்டிங் போனது. அதைப் பாதி நீங்களும் பாதி மேனேஜரும் சரிசெய்ய முடியும். கம்பெனியின் போக்கு சரியில்லை. அதை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது. மூன்றையும் ஒரே மூச்சில் மேனேஜரிடம் கொட்டினால், அவரால் செய்யக்கூடிய சிறு விஷயம்கூட நடக்காது. "ஆள் கசந்துபோயிருக்கிறான்" என்ற ஒரே வரிதான் அவர் மேலே எடுத்துக்கொண்டு போவார். ஆட்குறைப்பு நடக்கும் கம்பெனியில் அந்த வரி ஆபத்தானது.

சம்பளத்திலிருந்து தொடங்குவோம்.

18 லட்சத்தை 12ஆல் வகுத்தால் மாதம் ஒன்றரை லட்சம். கைக்கு 1,08,000 மட்டும் வருவது ஏன்? நீங்கள் அனுப்பாத பிரிப்பை வழக்கமான விகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன். பேசிக் 40 சதவீதம் என்றால் மாதம் 60,000. அதில் 12 சதவீதம் கம்பெனியின் பிஎஃப் பங்கு: வருடத்துக்கு 86,400. கிராஜுவிட்டிக்காக (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள்: 34,632. குழுக் காப்பீட்டுக்கு ஒரு 18,000. வேரியபிள், அதாவது செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் பகுதி, 10 சதவீதம்: 1,80,000. இவை அனைத்தும் சிடிசிக்குள்தான் இருக்கின்றன, மாதச் சம்பளத்தில் வராது. கழித்தால் மாதம் சுமார் 1,23,400. அதிலிருந்து உங்கள் பிஎஃப் பங்கு 7,200, கர்நாடகத் தொழில் வரி 200, புதிய வரி முறையில் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) சுமார் 7,900. மிச்சம் 1,08,000. உங்கள் சம்பளச் சீட்டும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். பிஎஃபை 15,000 ரூபாய் உச்சவரம்பில் மட்டும் பிடிக்கும் கம்பெனி என்றால் அந்தப் பிடித்தம் 1,800 ஆக இருக்கும், கைக்கு வருவது அதற்கேற்பக் கூடும்.

இதே பிரிப்பை அந்த 26 லட்சத்துக்கும் செய்யாமல் ஒப்பிடக் கூடாது. புதிதாக ஆள் எடுக்கும்போது சிடிசியை ஊதிக் காட்ட மூன்று வழிகள் உண்டு: ஜாயினிங் போனஸ், நான்கு வருடத்துக்குப் பிரித்துத் தரும் பங்கு, பெரிய வேரியபிள். 26இல் ஜாயினிங் போனஸ் 2 லட்சம், ஒரு வருடப் பங்கு இரண்டரை லட்சம், வேரியபிள் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் நிலையான பகுதி 19 லட்சம். உங்களுடையது வேரியபிளைக் கழித்து 16.2 லட்சம். வித்தியாசம் 8 லட்சம் அல்ல, 2.8 லட்சம், சுமார் 17 சதவீதம். ஜாயினிங் போனஸ் அடுத்த வருடம் வராது. ஆனாலும் 17 சதவீதம் சின்னத் தொகை இல்லை. உங்கள் மனக்குறை நியாயமானது. 2023-24இல் சில்லறைப் பணவீக்கம் 5.4 சதவீதம், 2024-25இல் 4.6. உங்கள் கடைசி இரண்டு ஹைக் 3, 4. விலைவாசி ஏறிய அளவுக்குக்கூட உங்கள் சம்பளம் ஏறவில்லை.

இது நடப்பது உங்கள் வேலை மோசம் என்பதால் அல்ல. ஆள் எடுக்கும் பணமும் ஹைக் பணமும் வெவ்வேறு பட்ஜெட். புதியவருக்கு அன்றைய சந்தை விலையில் பேண்டு, அதாவது அந்த இடத்துக்கான சம்பள வரம்பு, போடுகிறார்கள். பழையவருக்கு அவருடைய பழைய சம்பளத்தின் மேல் சதவீதம் போடுகிறார்கள். நான்கு வருடத்தில் இரண்டும் எங்கேயோ விலகிப் போய்விடுகின்றன.

ஹைக் பட்ஜெட்டுக்குள் 17 சதவீதம் கேட்டால் ஏன் கிடைக்காது என்பதற்கு ஒரு கணக்கு. பத்துப் பேர் டீம், ஆளுக்கு 18 லட்சம், ஒதுக்கீடு 6 சதவீதம் என்றால் மொத்தம் 10.8 லட்சம். உங்களுக்கு மட்டும் 17 சதவீதம் என்றால் 3.06 லட்சம் போய்விடும். மற்ற ஒன்பது பேரும் 6இலிருந்து 4.8 சதவீதத்தை நோக்கி இறங்க வேண்டும், ஒருவருக்குக்கூட முழு 5 வராது. எந்த மேனேஜரும் இதைச் செய்ய மாட்டார். ஆகவே "நல்ல ஹைக் போடுங்கள்" என்று கேட்பதில் பலன் இல்லை. வேறு பட்ஜெட்டிலிருந்து வரக்கூடியதைக் கேட்க வேண்டும். அவை இரண்டு. ஒன்று பதவி உயர்வு, அதற்குத் தனி ஒதுக்கீடு இருக்கும். இன்னொன்று சந்தை நிலவரத்துக்கு ஏற்பச் செய்யும் திருத்தம், பல கம்பெனிகளில் மார்க்கெட் கரெக்‌ஷன் என்பார்கள். வழக்கமான அப்ரைசலுக்கு வெளியே, பெரும்பாலும் வருடத்தின் நடுவில், எச்ஆர் ஒப்புதலோடு நடக்கும்.

ஏப்ரல்-மார்ச் சுழற்சி உள்ள கம்பெனி என்றால் உங்கள் நேரம் இப்போது. ஹைக் கடிதம் ஜூனிலோ ஜூலையிலோ வரலாம், ஆனால் ரேட்டிங் தீர்மானமாவது மேனேஜர்கள் எல்லாரும் உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு அடுக்கும் கேலிபரேஷன் கூட்டத்தில். அந்த அறையில் உங்கள் மேனேஜருக்கு உங்களைப் பற்றிப் பேச இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். கடிதம் வந்த பிறகு போய்ச் சண்டை போடுபவர்கள் நிறையப் பேர். அப்போது எண் சிஸ்டத்தில் பூட்டப்பட்டிருக்கும், மேனேஜர் நினைத்தாலும் திறக்க முடியாது.

அண்ணா விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் உண்மையான முடிச்சு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்ப் பாசம் இருப்பதில் தவறில்லை, அண்ணா என்று கூப்பிடுவதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் டீக்கடையில் நின்று கேட்காதீர்கள். அங்கே கேட்டால் அது தம்பி அண்ணனிடம் கேட்கும் உதவி ஆகிவிடும். "பாத்துக்கலாம்டா, விடு" என்று தோளைத் தட்டிவிட்டால் பேச்சு முடிந்தது, உங்களுக்கு மறுபடி கேட்க வாயும் வராது. 30 நிமிட மீட்டிங் போடுங்கள். தலைப்பிலேயே "சம்பளமும் லெவலும் பற்றி" என்று எழுதுங்கள், அவரும் தயாராக வரட்டும். ஒரு பக்கத் தாள் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் கடந்த 12 மாதத்தில் செய்த மூன்று வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருந்தால் போதும்: எத்தனை கோளாறு குறைந்தது, ரிலீஸ் எத்தனை நாள் முந்தியது, கிளவுட் செலவில் மாதம் எவ்வளவு மிச்சம். "கடுமையாக உழைத்தேன்" என்பதைக் கேலிபரேஷன் கூட்டத்தில் யாராலும் எடுத்துச் சொல்ல முடியாது. "பேமெண்ட் சர்வீஸில் இரவு அலர்ட் வாரத்துக்கு 14இலிருந்து 3 ஆனது" என்பதை அவர் அப்படியே ஒப்பிக்கலாம்.

கேட்கும் வாசகம் இப்படி இருக்கட்டும்: "அண்ணா, வேரியபிள் நீங்கலாக என் சம்பளம் 16.2 லட்சம். என் லெவலுக்கு வெளியே 19இலிருந்து பேசுகிறார்கள். 19க்குக் கொண்டுவர இங்கே என்ன வழி இருக்கு? யார் ஒப்புதல் கொடுக்கணும், எந்த மாசம் நடக்கும்?" சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அமைதி சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். வீட்டுக் கடன், குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ், வாடகை எதையும் இழுக்காதீர்கள். புதிதாக வந்தவரின் பெயரையும் சொல்லாதீர்கள். பேச்சு உடனே "உனக்கு யார் சொன்னது" என்று திரும்பிவிடும், அந்தப் பையனும் மாட்டிக்கொள்வான். அன்று மாலையே நான்கு வரி மெயில்: நான் இதைக் கேட்டேன், நீங்கள் எச்ஆரிடம் பேசுவதாகச் சொன்னீர்கள், இந்தத் தேதியில் மறுபடி பேசலாம் என்றோம். மேனேஜர் அடிக்கடி மாறும் கம்பெனியில் அந்த மெயில் மட்டும்தான் உங்களோடு வரும்.

அந்த 19 என்ற எண்ணை நான் உதாரணத்துக்குச் சொன்னேன். உங்கள் எண்ணை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களில் இருப்பவை ஊழியர்கள் தாங்களே போட்டவை, பழையதும் புதியதும் கலந்திருக்கும், சிடிசியா நிலையான சம்பளமா என்று தெளிவிருக்காது. திசை தெரியும், அவ்வளவுதான். நம்பத்தக்கது மூன்று ரெக்ரூட்டர்களிடம் "இந்த இடத்துக்கு நிலையான சம்பள பட்ஜெட் எவ்வளவு" என்று நேராகக் கேட்பதும், கடந்த ஒரு வருடத்துக்குள் கம்பெனி மாறிய நண்பர்கள் நாலைந்து பேரிடம் கேட்பதும். ஐந்து பதில் ஒரே பக்கம் சாய்ந்தால் அதுதான் உங்கள் விலை.

ரேட்டிங் குறைந்ததில் பெல் கர்வுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் மூன்று மேனேஜர் மாறியதுதான் பெரிய காரணமாக இருக்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நீங்கள் செய்ததைப் பார்த்தவர் டிசம்பரில் வேறு டீமில் இருக்கிறார். கூட்டத்தில் உங்களுக்காகப் பேசியவர் உங்கள் வேலையை மூன்று மாதம் பார்த்தவர். இப்படிப்பட்ட நிலையில் யாருக்கும் நடு ரேட்டிங்தான் விழும். இதற்கு ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்: மேனேஜர் மாறுகிறார் என்ற செய்தி வந்த வாரமே, போகிறவரிடம் உங்கள் வேலை பற்றி ஐந்து வரி மெயிலில் கேட்டு வாங்குங்கள், வருகிறவரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். முந்தைய இரண்டு பேரும் இன்னும் அதே கம்பெனியில்தானே இருக்கிறார்கள்? இந்த வாரமே கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், பாதியில் விட்டுப் போன உறுத்தல் அவர்களுக்கும் இருக்கும்.

வேறு டீமுக்கு மாறுவதும் ஒரு வழி. பல இடங்களில் தற்போதைய டீமில் 12 அல்லது 18 மாதம் முடித்திருக்க வேண்டும், ரேட்டிங் ஒரு அளவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள். ஆனால் உள் மாற்றத்தில் சம்பளம் அநேகமாக அப்படியே இருக்கும். மேனேஜர்தான் உங்கள் பிரச்சினை என்றால் மாறலாம். நீங்கள் எழுதியதைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை.

சர்வே பற்றி. பெயர் கேட்காத சர்வே வேறு, பெயரைக் காட்டாத சர்வே வேறு. உங்கள் மெயிலுக்குத் தனியாக வந்த லிங்க்கைத் திறந்து பதில் கொடுத்தால், அந்தக் கருவிக்கு நீங்கள் யார் என்று தெரியும். மேனேஜருக்குக் காட்டாது என்பது மட்டும்தான் வாக்குறுதி. பல கருவிகள் 5 பேருக்குக் குறைவான குழுவின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டாது. ஆனால் நீங்கள் எழுதும் வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் போய்ச் சேரும். பிராஜெக்ட் பெயர், ஒரு சம்பவம், நீங்கள் வழக்கமாகப் பேசும் ஒரு சொல், ஏதாவது ஒன்று போதும், பத்துப் பேர் டீமில் ஆள் தெரிந்துவிடும். மேனேஜர் அதை மீட்டிங்கில் உரக்க வாசித்தது தவறு, அதை எச்ஆரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்வதாக இருந்தால் அப்ரைசல் கடிதம் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். அடுத்த சர்வேயில் உணர்ச்சியை எழுதாமல் எண்ணிக்கையை எழுதுங்கள்: "மூன்று மாதத்தில் முன்னுரிமை நான்கு முறை மாறியது, இரண்டு ரிலீஸ் தள்ளிப்போனது." இது மேலே போகும், யார் எழுதியது என்றும் தெரியாது.

இரவு 10 மணி கால். வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமை இந்தியாவில் இன்னும் சட்டமாகவில்லை. தனிநபர் மசோதாவாக நாடாளுமன்றத்தில் வந்ததோடு நிற்கிறது. ஆனால் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், 1961 ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அந்த ஓட்டையில்தான் பல கம்பெனிகள் நுழைந்துகொள்கின்றன. நடைமுறையில் பலிப்பது பேரம்தான். அமெரிக்கக் குழுவோடு பேச வேண்டும் என்றால் வாரத்தில் எந்த இரண்டு நாள் என்று கேட்டு வாங்குங்கள், மறுநாள் காலை 11 மணிக்கு வருவதாகக் காலெண்டரில் போடுங்கள். புரொடக்‌ஷன் அவசரத்துக்கு ஆளுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளும் ஆன்-கால் ஏற்பாடு வேண்டும் என்று டீமாகச் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு, ஆறு பேர் கேட்டால் திட்டம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கர்நாடக அரசு ஐடி நிறுவனங்களுக்கு, பணி விதிகளை எழுதிப் பதிவு செய்யச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்து வந்தது. 2024 ஜூனில் மேலும் 5 வருடம் நீட்டித்தபோது நிபந்தனைகளும் போட்டது. ஊழியர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள குறைதீர்ப்புக் குழு வேண்டும், பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும், பணிநீக்கம், சஸ்பென்ஷன் போன்றவற்றைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்தக் குறைதீர்ப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும். ஆட்குறைப்பில் உங்களைக் கூப்பிட்டு "நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுங்கள்" என்றால் அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். மெயிலில் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். ராஜினாமா எழுதிவிட்டால் அது உங்கள் விருப்பம் என்று ஆகிவிடும், பிறகு எதையும் நிரூபிப்பது கஷ்டம். பன்னேர்கட்டா சாலையில் தொழிலாளர் துறையின் கார்மிக பவன் இருக்கிறது. 2017இல் பதிவான கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் இத்தகைய புகார்களை எடுத்துக்கொண்டு அங்கே போகிறது.

இனி போவது பற்றி. உங்கள் மனைவியின் கோபம் புரிகிறது, இரவு 10 மணிக்கு உங்கள் முகத்தைப் பார்ப்பவர் அவர்தான். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தவணை 42,000, வீட்டுச் செலவு ஒரு 40,000 என்றால் ஆறு மாதத்துக்கு 5 லட்சம் கைவசம் வேண்டும். அது இல்லாமல் வேலையை விட்டால், முதலில் வரும் ஆஃபரை எதுவானாலும் பிடித்துக்கொள்ள வேண்டிவரும், மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

கிராஜுவிட்டிக்கு 5 வருடம் வேண்டும். உங்களுக்கு 2026 நவம்பரில் முடிகிறது. கடைசி பேசிக்கை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, 5 வருடத்தால் பெருக்கினால் சுமார் 1,73,000, வரி கிடையாது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு "ஒரு வருடம் போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு. உங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு 5 வருடம்தான். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது, ஆனால் பெங்களூரு கம்பெனிகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்வதில்லை. முழு ஐந்தையே குறியாக வையுங்கள்.

இதற்காக எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? வெளியே வருடத்துக்கு 3 லட்சம் கூடுதலாகக் கிடைத்தால் எட்டு மாதத்தில் 2 லட்சம். வரி போக ஒன்றரைக்கு மேல் மிஞ்சும். ஏறக்குறைய சமம். ஆனால் தேடலுக்கு ஆகும் காலத்தைப் பாருங்கள். தயாராக ஒன்றரை மாதம், இண்டர்வியூ சுற்றுகளுக்கு இரண்டு மூன்று மாதம், பிறகு 90 நாள் நோட்டீஸ். இப்போது ஆரம்பித்தால் ஆகஸ்டில் ஆஃபர், நவம்பர் கடைசியில் விடுவிப்பு. கிராஜுவிட்டி தேதி தானாகவே வந்து சேர்ந்துவிடும். நோட்டீஸ் காலமும் பணிக்காலம்தான். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: நோட்டீஸ் கொடுத்த பிறகு கம்பெனி உங்களை முன்கூட்டியே விடுவித்துவிட்டால் கடைசி நாள் முன்னால் போய்விடும், ஐந்து வருடம் நிறையாது. பேசி முடிக்கும் கடைசி நாள் ஐந்து வருடம் முடிந்து இரண்டு வாரமாவது தள்ளி இருக்கட்டும். நல்ல ஆஃபர் முன்னதாகவே வந்து அவர்கள் காத்திருக்க மறுத்தால், அந்த 1,73,000ஐ ஜாயினிங் போனஸாகக் கேளுங்கள். காரணம் சொல்லிக் கேட்டால் தருகிறார்கள்.

இசாப் பற்றி மூன்று கேள்விகள் எச்ஆரிடம்: ஒரு பங்குக்கு நான் கட்ட வேண்டிய விலை என்ன, கடைசி மதிப்பீடு என்ன, வேலையை விட்ட பின் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும். பல திட்டங்களில் 90 நாள்தான். பட்டியலிடாத கம்பெனி என்றால் கவனம். 1,200 ஆப்ஷன், கட்டும் விலை 100, மதிப்பீடு 900 என்றால் 9,60,000 ரூபாய் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும்; உங்கள் வருமானத்துக்கு வரி 2 லட்சத்தைத் தாண்டும், பங்கு வாங்க 1,20,000 வேறு. 3 லட்சத்துக்கு மேல் கைக்காசு போட்டு, விற்க முடியாத காகிதம் வாங்குகிறீர்கள். கம்பெனி பட்டியலிடும் நம்பிக்கை உங்களுக்கே இல்லையென்றால் கொஞ்சம் மட்டும் வாங்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

ஆஃபரில் நான் முதலில் பார்ப்பது வேரியபிள் கழித்த எண். பிறகு ஜாயினிங் போனஸ் திருப்பும் விதி: ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் கேட்பார்கள், வரி பிடித்து உங்களுக்கு வந்தது அதைவிடக் குறைவாக இருக்கும். போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற ஷரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேலையை விட்ட பின் அது இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கம்பெனியின் ரகசியத்தைக் கொண்டுபோவது வேறு விஷயம், அது செல்லும். "இப்போதைய சம்பளத்தில் 30 சதவீதம்தான் தருவோம்" என்று சொன்னால், உங்களுடையது பின்தங்கிய சம்பளம் என்பதை நினைவில் வைத்து அந்த இடத்தின் பேண்டைக் கேளுங்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

பேப்பர் போட்டதும் இங்கே திடீரென்று 19 என்ன, 21 தருவார்கள். சில மாதம் முன்னால் முறையாகக் கேட்டபோது இல்லாத பணம் அது. இரவு கால், மூன்று மேனேஜர், மேடைப் பேச்சு எதுவும் அந்த 21இல் மாறாது. ஏற்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. ஜூன் கடிதத்திலேயே 19க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் நிலைமை வேறு. அப்போது தேடலை நிதானமாகச் செய்யலாம்.

விலகும்போது பிஎஃபை எடுக்காதீர்கள், யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண் வழியாகப் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். பிஎஃப் ஓய்வூதியத்துக்கு 10 வருடம் வேண்டும், ஏழு வருடமும் அந்தத் திட்டத்தில் இருந்திருந்தால் உங்களுக்கு இன்னும் மூன்றுதான் பாக்கி. ஊதிய பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டம். 45 நாள் என்ற பழைய பல்லவியைப் பாடினால் அந்தப் பிரிவைக் காட்டி மெயில் போடுங்கள். கிராஜுவிட்டிக்கு 30 நாள்.

கடைசியாக அப்பா அம்மா. கம்பெனிக் காப்பீட்டில் அவர்களும் இருக்கிறார்கள் என்றால் கடைசி நாள் நள்ளிரவோடு அது முடிந்தது. தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கிறார்கள். அந்தக் கடிகாரம் இன்றே ஓட ஆரம்பிக்கட்டும், இந்த மாதமே அவர்கள் பெயரில் ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, நான்கு ஹைக் கடிதங்கள், ஆஃபர் கடிதம், இசாப் ஒப்பந்தம் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்குக் கொண்டுவந்து வையுங்கள். கோட், கிளையண்ட் டாக்குமெண்ட், டிசைன் ஃபைல் ஒன்றையும் தொடாதீர்கள். வெளியே போகும் ஃபைலைக் கம்பெனியின் கண்காணிப்பு மென்பொருள் அடுத்த நிமிடமே காட்டிக்கொடுக்கும், அதன் பிறகு கிராஜுவிட்டி பற்றிப் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

மேனேஜரோடு அந்த 30 நிமிடத்தை நாளைக்கே காலெண்டரில் போடுங்கள். கேலிபரேஷன் கூட்டம் என்றைக்கு என்று எச்ஆரில் யாரையாவது கேட்டு, அதற்குப் பத்து நாளாவது முன்னதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.